அழகான டாரோட் கட்டு, பேச்சு வராத சீட்டு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மர (ரப்பர்) தோட்டங்கள், இப்போது பெரும்பாலும் செம்பனை. டாரோட் கட்டை, அதாவது குறி பார்க்கும் படச்சீட்டுக் கட்டை, கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்து வாங்குகிற மாதிரி கடை எதையும் நான் இங்கே பார்த்ததில்லை. கைப்பேசியில் நாலு படம் பார்க்கிறோம், பிடித்துவிட்டால் காசு கட்டிவிடுகிறோம். பார்சல் வந்ததும் வீடே கூடி நின்று பார்க்கிறது. ஒரு மாதம் கழித்து அதே கட்டோடு என் வீட்டுச் சமையலறை மேசைக்கு வருகிறார்கள். "அக்கா, படமெல்லாம் அவ்வளவு அழகு. ஆனா விரிச்சா எனக்கு ஒண்ணுமே சொல்ல வரல."

இப்படி வந்தவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில், பெரும்பாலும் கட்டிலும் குறை இருப்பதில்லை, பார்ப்பவரிடமும் குறை இருப்பதில்லை. ரெண்டும் ஒத்துப்போகவில்லை. எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று தெரியாததால் "இந்தக் கலை நமக்கு வராது போல" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்குத் தாங்காதது அதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்வதற்காக நான் சீட்டு விரிப்பதில்லை. எதிரில் இருப்பவர் மனசில் கிடப்பதை அவர் வாயாலேயே பேச வைக்கத்தான் விரிக்கிறேன். கட்டு நல்லதா, இல்லையா என்று நான் அளக்கும் படியும் அதுதான்: ஒருத்தர் காத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் படம் உங்கள் நாக்கை அவிழ்க்கிறதா?

அறிகுறிக்குப் போகும் முன்: நீங்கள் எந்த வகை?

பழகிய கட்டு ஏதாவது இருந்தால் அதிலிருந்து ஒரு சீட்டை எடுங்கள். கைப்பேசியில் குரல் பதிவை ஓடவிட்டு ஒரு நிமிடம் அந்தச் சீட்டைப் பற்றிப் பேசுங்கள். பிறகு போட்டுக் கேளுங்கள். முதலில் வந்த வாக்கியம் எது?

"இவர் முதுகைக் காட்டிக்கிட்டு நடக்கிறார், எதையோ விட்டுட்டுப் போறார்" என்று தொடங்கியிருந்தால் நீங்கள் படம் பார்த்துப் பேசுபவர். "கோப்பைன்னா மனசு, எட்டுன்னா நகர்வு" என்று தொடங்கியிருந்தால் எண்ணையும் வகையையும் கூட்டிப் பேசுபவர். "இந்தச் சீட்டுக்கு அர்த்தம் என்னன்னா..." என்று தொடங்கியிருந்தால் மனப்பாடத்திலிருந்து பேசுபவர். மூன்றில் எதுவும் மட்டமில்லை. பலரும் கலவையாகத்தான் இருப்பார்கள். ஆனால் வாய் திறக்கும் முதல் நொடியில் எது வருகிறதோ, அதற்குத் தீனி போடும் கட்டுதான் உங்களுக்கு உதவும். இந்தச் சோதனையைச் செய்யாமல் கீழே போகாதீர்கள். இனி நான் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

அறிகுறி: பெரிய சீட்டு விழுந்தால் பேச்சு வருகிறது, சின்னச் சீட்டு விழுந்தால் நின்றுபோகிறது

என்னிடம் அதிகம் வருவது இதுதான்.

டாரோட் கட்டில் 78 சீட்டு. அதில் 22 மேஜர் அர்கானா: மந்திரவாதி, பேரரசி, கோபுரம், நிலவு, உலகம் என்று பெயர் உள்ளவை. மீதி 56 மைனர் அர்கானா: கோல், கோப்பை, வாள், நாணயம் என நாலு வகை, வகைக்கு 14. விற்கும் இடத்தில் நமக்குக் காட்டுவது பெரும்பாலும் அந்த 22ஐத்தான். ஓவியரும் தன் உயிரை அங்கேதான் கொட்டியிருப்பார். ஆனால் மூன்று சீட்டு எடுத்தால் சராசரியாக இரண்டு, சின்னச் சீட்டாகத்தான் விழும். அங்கே என்ன வரைந்திருக்கிறது என்று பார்த்தீர்களா?

சில கட்டுகளில் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பை, அவ்வளவுதான். சுற்றிலும் கொடி, பூ, பறவை, தங்கக் கோடு. ஓவியர் சோம்பல்பட்டார் என்று நினைக்க வேண்டாம், அது பழைய வழக்கம். டாரோட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. குறி பார்க்கும் பழக்கம் பரவியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்சில். அந்தப் பழைய வழியில் வரும் மார்சேய் வகைக் கட்டுகளில் எண் சீட்டில் இன்றும் காட்சி கிடையாது. 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டுதான் இதை மாற்றியது. ஏ. இ. வெயிட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் எண் சீட்டுகளுக்கும் காட்சி வரைந்தார். பதினைந்தாம் நூற்றாண்டிலேயே சோலா புஸ்கா என்ற இத்தாலியக் கட்டு அப்படி வந்ததுண்டு, ஆனால் ஊர் உலகமெல்லாம் பரவியது 1909க்குப் பிறகுதான். இன்று படம் பார்த்துப் பேசுகிற பெரும்பாலோர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த அம்மையார் வரைந்ததைப் பார்த்துத்தான் பேசப் பழகியிருக்கிறோம். அவர் பெயரை நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன். வெகுகாலம் வெளியீட்டாளர் பெயரும் வெயிட்டின் பெயரும் மட்டும்தான் கட்டோடு ஒட்டியிருந்தன.

சரி, சோதனைக்கு வருவோம். ஏஸ் எனும் ஒன்று முதல் பத்து வரை நாலு வகையிலும் சேர்த்து 40 எண் சீட்டு இருக்கும். அவற்றைத் தனியே பிரியுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று நொடி பார்த்துவிட்டு ஒரே ஒரு வினைச்சொல் சொல்லுங்கள்: அழுகிறார், சுமக்கிறார், ஒளிக்கிறார், கடக்கிறார், கொடுக்கிறார். "அமைதி", "அழகு", "கனவு" எதுவும் செல்லாது. வினைச்சொல் வந்த சீட்டு வலது பக்கம், வராதது இடது பக்கம்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு தங்கச்சி தாமரைப் படக் கட்டு ஒன்று கொண்டுவந்தாள். ஒவ்வொரு இதழிலும் ஓவியர் தனித்தனியாகத் தங்கப் பொடி தூவிய மாதிரி அச்சு. அதில் ஐந்து கோப்பை: குளத்தில் ஐந்து தாமரை மொட்டு, மேலே மூடுபனி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சமையல்காஸ் அடுப்பில் தண்ணீர் கொதித்து அடங்கியது. "பூத்திருக்கு... பூக்கப்போகுது..." என்றாள். அவ்வளவுதான் வந்தது. பக்கத்தில் என் பழைய ரைடர் கட்டின் ஐந்து கோப்பையை வைத்தேன். கறுப்புப் போர்வை போர்த்தியவர் தலை குனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்கிறது. பின்னால் இரண்டு நிற்கிறது. தூரத்தில் ஆறு, ஆற்றின் மேல் பாலம். "கொட்டிப் போனதையே பார்த்துக்கிட்டு நிக்கிறார், அக்கா. பின்னாடி ரெண்டு இருக்கிறது அவருக்குத் தெரியல." எடுத்த எடுப்பில் சொன்னாள். தாமரைக் கட்டில் அவளுக்கு 40க்கு 11 வினைச்சொல்தான் தேறியது.

படம் பார்த்துப் பேசுபவருக்கு 20க்குக் கீழே வந்தால் அந்தக் கட்டை வேலைக்கு எடுக்க வேண்டாம் என்பேன். இந்த 20 என் கைக்கணக்கு, வேறு யாரும் வகுத்தது இல்லை. 20க்கும் 30க்கும் நடுவே என்றால் இடது பக்கம் கிடக்கும் சீட்டுகளை மட்டும் ஒரு மாதம் தினம் ஒன்றாக எடுத்துப் பழகுங்கள், பல கட்டுகள் மெல்லத் திறக்கும். அதற்கு மேல் என்றால் குறை வேறு எங்கோ இருக்கிறது, கீழே படியுங்கள்.

எண்ணைக் கூட்டிப் பேசுபவருக்கு நிலைமை நேர்மாறு. காட்சி இல்லாத கட்டு அவர்களுக்கு வரம். என் கையில் இருக்கும் கணக்கு இது: ஒன்று விதை, இரண்டு ஜோடி, மூன்று வளர்ச்சி, நாலு கட்டிப்பிடித்து நிற்பது, ஐந்து உடைவது, ஆறு சமன்படுவது, ஏழு சோதனை, எட்டு நகர்வு, ஒன்பது நிறையும் தருவாய், பத்து நிறைந்து வழிவது. இதோடு கோப்பைக்கு மனசு, வாளுக்கு எண்ணமும் பேச்சும், கோலுக்கு முனைப்பு, நாணயத்துக்கு உடம்பும் பணமும் என்று சேர்த்தால் எந்த அலங்காரக் கட்டிலும் பேசலாம். படம் பார்ப்பவரும் இதைக் கற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் கட்டு அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பேசும் முறையையே மாற்றிக்கொள்வது, செருப்புக்குக் காலை வெட்டுவது மாதிரி.

அறிகுறி: வந்தவர் பயந்துபோகிறார்

இதை நான் கண்ணால் பார்த்தேன், இன்னும் உறுத்துகிறது. முப்பது வருஷம் பால்மரம் வெட்டி (பட்டையைக் கீறி) பால் எடுத்த ஒரு பாட்டி, மகனோடு ஜொகூருக்குப் போய் இருந்துவிடலாமா என்று கேட்க வந்தார். அன்று நான் விரித்தது அப்போது எனக்கு மிகப் பிடித்திருந்த ஒரு கருநிறக் கட்டு. மையில் வரைந்த நுணுக்கமான ஓவியம், ஒவ்வொரு மயிரிழையும் தெரியும். பத்து வாள் விழுந்தது. முதுகில் பத்து வாள் ஏறிய உடம்பு, வழியும் இரத்தம் சொட்டுச் சொட்டாக. பாட்டி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "நான் வரேம்மா" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். தேத்தண்ணி அப்படியே இருந்தது.

பத்து வாள் எந்தக் கட்டிலும் கடுமையான சீட்டுதான். ஸ்மித் வரைந்ததிலும் ஒருவர் குப்புறக் கிடக்கிறார், முதுகில் பத்து வாள், மேலே கறுத்த வானம். ஆனால் அந்தக் கறுப்புக்குக் கீழே அடிவானம் மஞ்சளாக விடிகிறது, தண்ணீர் அலையில்லாமல் கிடக்கிறது. நான் விரலை அங்கே வைப்பேன். "பாட்டி, இங்க பாருங்க, விடியுது." அந்த ஓர் இடம் போதும், பேச்சைத் தொடரலாம். என் கருநிறக் கட்டில் விரல் வைக்க இடமே இல்லை.

அன்றிலிருந்து எந்தக் கட்டு வந்தாலும் கடுமையான சீட்டுகளை முதலில் எடுத்து அடுக்கி, ஒவ்வொன்றிலும் விரல் வைக்க இடம் தேடுவேன். ரைடர் கட்டின் மரணம் சீட்டில் வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு வருகிறது, ஆனால் பின்னால் இரண்டு கோபுரத்துக்கு நடுவே சூரியன் இருக்கிறது. எட்டு வாளில் பெண்ணின் கண்ணைக் கட்டியிருக்கிறது, உடம்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறது, காலை மட்டும் கட்டவில்லை. மூன்று வாளில் எனக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. இதயத்தில் மூன்று வாள், மேலே மழை. அது விழுந்தால் நான் எதையும் காட்டுவதில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன்.

உங்கள் புதுக்கட்டில் மரணம், கோபுரம், பிசாசு, ஒன்பது வாள், பத்து வாள், ஐந்து நாணயம் ஆறையும் எடுங்கள். மூன்றிலாவது விரல் வைக்க இடம் இருந்தால் மற்றவர்களுக்குப் பார்க்கலாம். இல்லையென்றால் உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டை நேராகப் பார்த்துத் தெளிவடைபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது நல்ல கட்டுதான்.

இன்னொன்று: சீட்டின் பெயரை வாய்விட்டுப் படிக்காதீர்கள். தொங்கவிடப்பட்ட மனிதன் என்று ஒரு சீட்டு. நம் வீடுகளில் அந்தச் சொல் எங்கே போய்க் குத்தும் என்று சொல்ல முடியாது. படத்தில் அவர் ஒற்றைக் காலில் தலைகீழாக இருக்கிறார், முகம் அமைதியாக, தலையைச் சுற்றி ஒளி. "ஒத்தக்கால் தவம் மாதிரி, காத்திருக்கார்" என்பேன். எல்லாருக்கும் உடனே புரியும்.

அறிகுறி: எந்தச் சீட்டு விழுந்தாலும் "எல்லாம் நல்லா இருக்கும்" என்றே வாயில் வருகிறது

மேலே சொன்னதற்கு எதிர்ப்பக்கம். மென்மையான வண்ணம், எல்லா முகத்திலும் புன்னகை, கோபுரச் சீட்டில்கூடப் பட்டாம்பூச்சி. பார்க்க மனசு குளிரும். ஆனால் வேலை போய் இரண்டு மாதமான ஒருவர் எதிரில் இருக்கும்போது பட்டாம்பூச்சியைக் காட்டி என்ன பேசுவது? கேள்வியோடு வந்தவர் தன் கஷ்டத்தைப் படத்தில் எங்காவது பார்க்க வேண்டும், அப்போதுதான் "ஆமா, இப்படித்தான் இருக்கேன்" என்று தொடங்குவார்.

கோபுரம், மூன்று வாள், ஐந்து நாணயம் மூன்றையும் சீட்டைத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். "இதில் இருப்பவர் எப்படி இருக்கிறார்?" என்று மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் "நல்லாத்தானே இருக்காங்க" என்று வந்தால் கட்டு உண்மை பேசவில்லை. காலையில் ஒரு சீட்டு எடுத்து நாளைத் தொடங்க அது போதும், மற்றவர் கஷ்டத்துக்கு முன்னால் விரிக்காதீர்கள். இதில் நான் கறார்தான். ஒருத்தர் கஷ்டத்தை மெழுகிவிடுவதைவிடச் சீட்டே பார்க்காமல் இருக்கலாம்.

அறிகுறி: பனி, கோட்டை, குதிரை... நம் ஆட்களுக்கு ஒட்டவில்லை

இது நியாயமான குறைதான். ஐந்து நாணயத்தில் கிழிந்த உடையோடு இரண்டு பேர் பனியில் நடக்கிறார்கள், ஒருவர் ஊன்றுகோலோடு. பக்கத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னலில் வெளிச்சம். சுங்கை சிப்புட்டில் பனி எங்கே? ஆனால் நான் பனியைப் பற்றிப் பேசுவதே இல்லை. வெளிச்சமுள்ள சன்னல், அதற்கு வெளியே நிற்கும் குடும்பம். தோட்டத்தை விற்றபோது லயத்து வீட்டை விட்டு வெளியேறியவர்கள் நம் ஊர்ப்பக்கமெல்லாம் இருக்கிறார்கள். அந்தச் சீட்டை அவர்கள் முன்னால் வைத்தால் பனியை யாரும் கேட்பதில்லை. சன்னலைத்தான் பார்க்கிறார்கள்.

என் அம்மாவிடம் ஒருநாள் எட்டு நாணயத்தைக் காட்டினேன். ஒரு தொழிலாளி பலகையில் உட்கார்ந்து உளியால் நாணயம் செதுக்குகிறார், முடித்தவை பக்கத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. அம்மாவுக்குச் சீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. உளியைப் பார்த்தார். "நெரை முடியலையே. இன்னும் எத்தனை மரம் பாக்கின்னு கேளு" என்றார். இருட்டில் எழுந்து நிரை (மர வரிசை) பிடித்து மரம் மரமாக வெட்டிய கை அது. நான் அதுவரை புத்தகத்திலிருந்து சொன்ன "பயிற்சி, உழைப்பு" எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் வெளிறிப்போனது. பத்து கோல் விழுந்தால் இப்போதெல்லாம் நான் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பையும் பால் வாளியையும்தான் நினைக்கிறேன். கோப்பை விழுந்தால் பால் பிடிக்க மரத்தில் கட்டிய மங்கு.

ஆகவே ஊர் வேறு என்பதற்காக மட்டும் ஒரு கட்டைத் தள்ளாதீர்கள். படத்தில் இருப்பவர் செய்யும் வேலை நம் வீட்டில் யாராவது செய்த வேலையா என்று பாருங்கள். 16 அரசவைச் சீட்டுகளை (பேஜ், நைட், ராணி, ராஜா, நாலு வகையிலும்) பரப்பி ஒவ்வொருவருக்கும் உங்களுக்குத் தெரிந்த ஆளின் முகத்தை வையுங்கள். வாள் ராணி பெரியம்மா, கோல் நைட் வேகமாக மோட்டார் ஓட்டும் தம்பி, இப்படி. பத்துப் பேருக்காவது முகம் கிடைத்தால் கட்டு ஒட்டிவிடும். எல்லா முகமும் ஒரே அழகி, உடை மட்டும் வேறு என்று வரைந்த கட்டுகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

இந்தியத் தெய்வங்களை வரைந்த கட்டு வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் கிளி எடுத்துக் கொடுத்த சீட்டில் சாமி படம் பார்த்து வளர்ந்தவர்கள் நம் பெரியவர்கள். சாமி படம் தலைகீழாக விழுந்தால் அவர்கள் முகம் மாறும். அந்தக் கட்டில் தலைகீழ் பார்க்காதீர்கள், விழுந்தால் நேராக்கிவிடுங்கள்.

அறிகுறி: கையேடு ஒன்று சொல்கிறது, படம் வேறு சொல்கிறது

பெரும்பாலும் இது வழிமுறைக் குழப்பம். மார்சேய் வழியில் நீதி 8, வலிமை 11. ரைடர் வழியில் வலிமை 8, நீதி 11. உங்கள் கட்டில் 8 எது என்று பார்த்தாலே அது எந்த வழியில் வந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். நாணயத்துக்குப் பதில் வட்டு, பேஜுக்குப் பதில் இளவரசி, சின்னச் சீட்டின் அடியில் ஒரு சொல் அச்சடித்திருந்தால் அது தோத் வழி: அலிஸ்டர் குரோலி சொல்ல, ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை தீட்டி, 1969இல் கட்டாக அச்சேறியது. அந்த வழிக் கட்டுக்கு ரைடர் புத்தகத்தை வைத்துப் படித்தால் குழம்பத்தான் செய்யும். கட்டுக்கு ஏற்ற புத்தகத்தைத் தேடுங்கள். மனப்பாடத்திலிருந்து பேசுபவர்கள் இதை வாங்கும் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும், மற்றவர்களுக்கு அவ்வளவு அவசரமில்லை.

இன்னொன்று, 36 சீட்டுதான் இருக்கிறது, கப்பல், நாய், சாவி, சவப்பெட்டி என்று படம் இருக்கிறது என்றால் அது டாரோட்டே இல்லை. லெனோர்மாண்ட் என்ற வேறு முறை. அதன் சட்டதிட்டமே வேறு.

அறிகுறி: மேசையில் விரித்தால் எல்லாம் ஒரே நிறம்

கையில் வைத்துப் பார்க்கும்போது அற்புதம். ஒன்றரை முழம் தள்ளி வைத்தால் கருநீலமும் தங்கமும் மட்டும் தெரிகிறது. பத்துச் சீட்டை மேசையில் பரப்பி, நின்றுகொண்டு, சாயங்காலம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். எது வாள், எது கோல் என்று குனியாமல் சொல்ல முடிகிறதா? பளபளப்புப் பூச்சு இருந்தால் பாதிச் சீட்டில் விளக்குதான் தெரியும். எதிரில் இருப்பவர் கண்ணாடி போட்ட பெரியவர் என்றால் அவருக்கு இன்னும் சிரமம். இப்படிப்பட்ட கட்டை ஒற்றைச் சீட்டுக்கு, அதிகமாகப் போனால் மூன்று சீட்டுக்கு மட்டும் எடுங்கள். சீட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கெல்டிக் கிராஸ் மாதிரிப் பெரிய விரிப்புக்கு வேண்டாம்.

அறிகுறி: கை ஒத்துழைக்கவில்லை

வழக்கமான சீட்டு சுமார் 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். ஓவியத்தைப் பெரிதாகக் காட்ட 15 செ.மீ. உயரத்துக்கும் போடுகிறார்கள். கெல்டிக் கிராஸின் வலப்பக்க வரிசையில் மட்டும் நாலு சீட்டு. அந்த உயரத்தில் அதற்கே 60 செ.மீ. வேண்டும். என் சமையலறை மேசை கொள்ளாது. சின்னக் கைக்காரர்கள் கலைக்கவும் முடியாது. அப்படியென்றால் சீட்டையெல்லாம் மேசையில் கவிழ்த்துப் போட்டு இரு கையாலும் வட்டமாகப் பரப்பிக் கலையுங்கள், அரிசி களைகிற மாதிரி. அதுவும் நல்ல கலைப்புதான்.

தங்க முலாம் பூசிய ஓரம் புதிதில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாளே 78ஐயும் ஒவ்வொன்றாக உரித்துப் பிரித்துவிடுங்கள். மொத்தமாக வளைத்தால் முலாம் உதிரும்.

நம் ஊரில் பெரிய தொல்லை ஈரக்காற்று. காகிதம் ஈரத்தை இழுத்து ஊதும். இரண்டு பக்கப் பூச்சும் ஒரே மாதிரி இல்லையென்றால் ஒரு பக்கம் அதிகம் ஊதி, சீட்டு வளைந்துவிடும். துணிப்பையில் வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் ஈரம் உள்ளே போகும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். வளைந்துவிட்டால் கனமான புத்தகத்தின் அடியில் இரண்டு நாள் வைத்தால் பெரும்பாலும் நேராகும். வெயிலில் காயப்போடாதீர்கள், வண்ணம் வெளுக்கும்.

சீட்டின் முதுகையும் பாருங்கள். மேல் கீழ் தெரிகிற மாதிரி படம் இருந்தால் எடுக்கும் முன்பே தலைகீழ் எது என்று தெரிந்துபோகும். தலைகீழ் பார்ப்பவர்களுக்கு அது ஆகாது.

அறிகுறி: வந்த கட்டே மங்கலாக இருக்கிறது

விலை மற்ற இடத்தைவிட ரொம்பக் குறைவு, கையேட்டுக்குப் பதில் ஒரு கியூஆர் கோடு, சீட்டு மெல்லிசு, படம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது என்றால் அது நகல் அச்சாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதை வைத்து அந்த ஓவியரின் கட்டு உங்களுக்குப் பொருந்துமா என்று முடிவு செய்யாதீர்கள். வரிசை வரிசையாக 78 படம் வரைந்தவருக்கு ஒரு காசும் போய்ச் சேராது என்பதும் எனக்கு வருத்தம்.

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் முடிவு தெரியவில்லை

மூன்று வாரம் கொடுங்கள். முதல் வாரம் தினம் ஒரு சீட்டு, கையேட்டைத் திறக்காமல் நோட்டில் மூன்று வரி. இரண்டாம் வாரம் ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு விஷயத்துக்குச் சீட்டு எடுத்துப் பாருங்கள். முடிவு தெரிந்த கதையை இந்தப் படங்களை வைத்துச் சொல்ல முடிகிறதா? மூன்றாம் வாரம் உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு மூன்று சீட்டு. அவரிடம் ஒன்றே கேளுங்கள்: "நான் எப்போ தடுமாறினேன்?" அவர் சொல்லும் சீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே வகையில் விழுந்தால் அந்த வகையை மட்டும் பழகினால் போதும். இங்கும் அங்கும் சிதறி விழுந்தால் கட்டை வேறு ஒருவருக்குக் கொடுக்க நேரம் வந்துவிட்டது.

தாமரைக் கட்டுக்காரத் தங்கச்சி மூன்று வாரம் முடித்துவிட்டு, கண் கலங்கத்தான், கொடுக்கச் சம்மதித்தாள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார். அவர் டப்பாவைத் திறந்தார், நாலு நாணயம் மேலே இருந்தது: சதுரமாக நின்ற நாலு தாமரை, நடுவே தண்ணீர். எங்களுக்கு அதில் பூ மட்டும்தான் தெரிந்தது. டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"நாலும் நாலு மூலையில நிக்குது. ஒண்ணை எடுத்தா மத்தது சாயும். யாரோ காசை இறுக்கிப் பிடிச்சிருக்காங்க, விடப் பயமா இருக்கு" என்றார். பிறகு தங்கச்சியைப் பார்த்து, "யாருடா அது? உங்க அப்பாவா?" என்று கேட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.